கலேவெலச் சந்தையும் காப்பகத்துப் பூனையும்

சென்ற மாதம் ஒரு விண்ணப்பப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஏறக்குறைய அரைமணி நேரம் பேனாவும் கையுமாக அமர்ந்திருந்தேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகை ஆசிரிய பீடங்களில் காலம் தள்ளியவனுக்கு எழுதுவதற்கு வார்த்தை கிடைக்காமற் போனது வேடிக்கைதான். அது கடவுச்சீட்டுக்கான படிவமன்று, குடியுரிமைக்கானதும் அன்று. கனடாவில் நான் வாழும் நகரத்தின் பிராணிகள் காப்பகம் ஒன்றில், பூனையொன்றைத் தத்தெடுப்பதற்காகத் தரப்பட்ட படிவம்.

மனைவி காலமாகி ஓராண்டு கழிந்த பின்னர், வீட்டின் அமைதி என்னைக் காட்டிலும் மகளுக்குத்தான் அதிகம் பயமூட்டியது. "அப்பா, ஒரு பூனையாவது வளருங்கோவன்" என்று பிடிவாதமாக நின்று, ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். காப்பகத்தின் சுவரில் ஒரு பெரிய விளம்பரப் படம். நிபந்தனையற்ற அன்பு இங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறது என்ற பொருள்படும் வாசகம். அதன் கீழே, கண்ணாடிக்குப் பின்னால், ஒரு காது நுனி சிதைந்த சாம்பல் நிறப் பூனை எங்களைப் பாராமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது. வயது ஏழு. அதை வளர்த்தவர் முதியோர் இல்லத்திற்குச் சென்றுவிட்டதால் இங்கு வந்து சேர்ந்ததாம். குட்டிகளை எல்லோரும் தூக்கிச் செல்கிறார்கள். வயது வந்தவை காத்துக் கிடக்கின்றன என்றாள் அங்கிருந்த பெண். அந்த ஒரு வாக்கியத்திலேயே நான் முடிவெடுத்துவிட்டேன்.

படிவத்தில் வீட்டின் பரப்பு, பலகணி உண்டா, மிருக வைத்தியர் யார் என்பன போன்ற கேள்விகளைக் கடந்து வந்தபோது இரண்டு கேள்விகள் குறுக்கிட்டன. இதற்கு முன்னர் பூனை வளர்த்ததுண்டா? வளர்த்திருந்தால் அவற்றுக்கு என்ன நேர்ந்தது?

முதலாவதற்கு 'ஆம்' என்று எழுதினேன். இரண்டாவதில் பேனா நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்த மகள், "அப்பா, அறுபது வருசத்துக்கு முந்தின கதையெல்லாம் எழுதவேண்டாம். பேசாமல் இல்லை எண்டு போடுங்கோ" என்றாள்.

அந்த அறுபது ஆண்டுக் கதை கலேவெலயில் நடந்தது.

கலேவெலயை அறியாத வாசகர்கள் பலர் இருப்பார்கள். இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், குருநாகலிலிருந்து தம்புள்ளை வழியாகத் திருகோணமலை செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிறு பட்டினம். அக்காலத்தில் பிரயாணிகள் தேநீர் அருந்துவதற்கு இறங்குவார்கள். அதற்குமேல் அவ்வூரைப் பற்றி அறிந்துகொள்ளமாட்டார்கள். சுற்றிலும் குளங்களும் வயல்களும் சேனைப் பயிர்களும். கடைவீதியில் சிங்களவரோடு முஸ்லிம் வர்த்தகர்களும் இருந்தமையால், தெருவில் இரு மொழிகளும் சரிசமமாக ஒலிக்கும். சிங்களத்தில் 'கல' என்றால் கல். 'வெல' என்றால் வயல். எங்கள் தென்மராட்சியிலும் கல்வயல் என்றோர் ஊர் உண்டு. அரசாங்க உத்தியோக மாற்றத்தில் அங்கே அனுப்பப்பட்ட என் தந்தையார், "ஒரு கல்வயலுக்குப் பக்கத்தில இருந்து இன்னொரு கல்வயலுக்கு வந்திட்டன்" என்று நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவார்.

1961ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. எங்கள் வாடகை வீட்டுக் குசினியில் தானாகவே வந்து குடியேறிய ஒரு பூனை, விறகுக் கட்டுக்குப் பின்னால் மூன்று குட்டிகளை ஈன்றது. ஒரு மாதம் வரை அப்பா பொறுத்துக்கொண்டார். பிறகு, ஒரு சந்தை நாளின் காலையில், யாழ்ப்பாணத்திலிருந்து பினாட்டு வந்த பனையோலை உமலுக்குள் மூன்றையும் போட்டு என் கையில் தந்தார்.

"தம்பி, சந்தைக்குப் பின்னால கொண்டுபோய் விட்டிட்டு வா. ஆராவது எடுத்து வளர்ப்பினம்."

இவ்வாறு உமலோடும் சாக்கோடும் சென்று வராத சிறுவர் எங்கள் தலைமுறையில் மிகக் குறைவு. ஆற்றைக் கடந்து விட்டால் திரும்பி வராது என்பார்கள். கோயில் வாசலில் விடுவார்கள். ஆஸ்பத்திரி வளவில் விடுவார்கள். 'ஆராவது எடுத்து வளர்ப்பினம்' என்பது அக்காலத்தில் எல்லா வீடுகளிலும் சொல்லப்பட்ட ஒரு மந்திரம். அப்பா கொடியவர் அல்லர். பூனையின் சூல்காலம் இரண்டு மாதங்களுக்குச் சற்றே அதிகம். பிறந்த பெண்குட்டி ஐந்தாறு மாதத்திலேயே தானும் தாயாகிவிடும். கருத்தடைச் சத்திரசிகிச்சை என்ற ஒன்றைக் கேள்வியே படாத ஊரில், சம்பளத்தில் ஐந்து பேரைக் காப்பாற்றிய ஒரு கிளாக்கருக்குக் கிடைத்த ஒரே வழி அந்த உமல்தான்.

சந்தையை அடையுமுன்னரே உமல் கத்தத் தொடங்கிவிட்டது. அரிசி, வெங்காயம், கருவாடு விற்கும் ஒரு கடையின் வாசலில், எல்லோரும் நானா என்று அழைக்கும் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"என்ன தம்பி, பூனைக் குட்டியா? காட்டுங்க பாப்பம்."

உமலைத் திறந்தேன். மூன்றையும் பார்த்துவிட்டு, சாம்பல் நிறக் குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கினார். "ஒண்டு போதும். கடையில எலி கூட" என்றார். பின்னர், உமலுக்குள் எஞ்சியிருந்த இரண்டையும் பார்த்து, தாமும் ஒரு கணம் தயங்கினார். "வாயில்லாச் சீவன் தம்பி. ஒரு பொம்புள, பூனையக் கட்டிவச்சிச் சாகக் குடுத்ததுக்காகவே நரகத்துக்குப் போனாவாம். பெரியவங்க சொல்லியிருக்காங்க. பாத்துச் செய்யுங்க."

நான் பார்த்துச் செய்யவில்லை. அப்பாவுக்குப் பயந்து, எஞ்சிய இரண்டையும் மீன் வண்டி ஒன்றின் கீழே இறக்கிவிட்டு ஓடினேன். ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவற்றைச் சூழ்ந்து நின்ற சிங்களச் சிறுவர் சிலர், "பூஸா, பூஸா" என்று அழைத்துக்கொண்டிருந்தனர்.

நானா கூறியது கட்டுக்கதையன்று. பூனையொன்றை உணவளிக்காமல், தானே இரைதேடவும் விடாமல் அடைத்துவைத்துக் கொன்ற பெண் தண்டனை பெற்றாள் என்ற செய்தி, ஸஹீஹ் புகாரி, ஸஹீஹ் முஸ்லிம் ஆகிய இரு முக்கிய ஹதீஸ் தொகுப்புகளிலும் உள்ளது. பூனை வாய் வைத்த நீர் அசுத்தமாகாது, ஏனெனில் அது உங்களைச் சுற்றி வளைய வருவனவற்றில் ஒன்று என்ற கருத்துடைய இன்னொரு செய்தியும் உண்டு. நபித்தோழர்களுள் மிக அதிகமான ஹதீஸ்களை அறிவித்தவரான அபூஹுரைராவின் பெயருக்கே 'பூனைக்குட்டியின் தந்தை' என்பதுதான் பொருள். இவற்றையெல்லாம் பிற்காலத்தில் படித்தபோது, வெங்காயச் சாக்குகளின் நடுவே நின்ற அந்த மனிதரின் குரல்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் கேட்டது.

இந்த மரபிலிருந்துதான், நான் அறிந்தவரையில் உலகின் மிகப் பழைய பூனைக் காப்பகங்களுள் ஒன்று தோன்றியது. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தமது பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தை ஆதரவற்ற பூனைகளின் நலனுக்கென்றே அறக்கொடையாக எழுதி வைத்தார். சிலுவைப் போர்வீரர்களையும் மங்கோலியரையும் முறியடித்த கடுமையான போர்வீரர் அவர். கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன், 1836இல் வெளியான தமது நூலில் அந்த அறக்கொடையின் பிற்கால நிலையை வர்ணிக்கிறார். தோட்டம் கைமாறிக் கைமாறி, வருமானம் தேய்ந்து போய்விட்டது. ஆயினும் ஐந்நூறு ஆண்டுகள் கடந்த பின்னும், மாலைத் தொழுகை வேளையில் காதியின் இல்லத்து முற்றத்தில் பூனைகளுக்குக் குடல், ஈரல் முதலான கழிவிறைச்சி வந்துகொண்டே இருந்தது; பெரும்பாலும் காதியின் சொந்தச் செலவில். அதே பக்கத்தில் லேன் இன்னொன்றையும் குறிப்பிடுகிறார். கெய்ரோவாசிகள் தமக்கு வேண்டாத பூனைகளைக் கொண்டுவந்து அந்த முற்றத்தில் விட்டுச் செல்வார்களாம்!

அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது. உமலின் கனமும் கையில் வந்தது. கெய்ரோக்காரர்களிடம் ஒரு முற்றமாவது இருந்தது.

அன்றிரவு தாய்ப்பூனை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. மறுநாளும், அதற்கடுத்த நாளும் கத்தியது. விறகுக் கட்டுக்குப் பின்னால், அரிசிப் பெட்டிக்குப் பின்னால், கட்டிலின் கீழே என்று தேடிக்கொண்டே இருந்தது. பூனை தன் குட்டிகளை ஏழு இடம் மாற்றும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். எட்டாவது இடமொன்றைத் தானே மறந்துவிட்டதாக அது எண்ணியதோ என்னவோ. அம்மா அப்பாவுடன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாளின் பின்னர் தாய்ப்பூனையும் காணாமற்போயிற்று.

தமிழர்களாகிய நாம் பூனையை எவ்வாறு பார்த்து வந்திருக்கிறோம் என்று பிற்காலத்தில் தேடிப் பார்த்ததற்கு அந்த மூன்று இரவுகளே காரணம். பூஸா என்று அச்சிறுவர்கள் அழைத்தார்களே, அது நமக்கு அந்நியமான சொல்லன்று. தொல்காப்பிய மரபியல், வெருகைப் பூசை என்று வழங்குவதும் மரபே என்கிறது. கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மை உவமித்து அவையடக்கம் கூறுமிடத்திலும் பூசை என்ற சொல்லையே ஆள்கிறார். மலையாளத்தில் இன்றும் பூச்ச. ஏட்டுத் தமிழில் நாம் மறந்துவிட்ட சொல்லைக் கலேவெலச் சந்தையில் சிங்களக் குழந்தைகள் வாய்நிறையச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை அறிந்தபோது, மொழிகளுக்கிடையே நாம் எழுப்பிய வேலிகளுக்கு ஊடாகப் பூனைகள் எப்போதோ புகுந்து போய்விட்டன என்று நினைத்துக்கொண்டேன்.

சங்கப் புலவர்கள் பூனையைக் கூர்ந்து பார்த்தவர்கள். முல்லை மொட்டு அவர்களுக்கு வெருகின் பல்லாகத் தெரிந்தது. எத்தனை நாள் பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்த உவமை வாய்க்கும்! அதன் பின்னர்தான் பூனையின் பெயர் கெடத் தொடங்கியது என்று தோன்றுகிறது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், கங்கைக் கரையில் கைதூக்கித் தவமிருந்து, நம்பி வந்த எலிகளைத் தின்னும் பூனையின் கதை வருகிறது. மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பி, அருச்சுனன் தவம் என்று வழங்கும் பாறையில், அந்தக் கதையை நினைவூட்டும் வகையில், தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் செதுக்கி வைத்தான். நானும் சென்று பார்த்திருக்கிறேன். விலா எலும்பு தெரிய, இரு முன்னங்கால்களையும் உயர்த்தி நிற்கும் அந்தப் பூனைக்கு முன்னால் நின்று சிரிக்காதவர் இல்லை. பஞ்சதந்திரத்தில் நீதி சொல்ல அமர்ந்து வாதி, பிரதிவாதி இருவரையும் தின்றுவிடுவதும் ஒரு பூனைதான். பழமொழிகளில் பூனை என்றால் திருடு. குறுக்கே போனால் சகுனத் தடை.

இத்தனை அவப்பெயருக்கும் நடுவே ஒரே ஓரிடத்தில் தமிழகம் பூனையைக் கடவுளுக்கே உவமையாக்கியது. வைணவத்தில் வடகலை, தென்கலை என்ற பிரிவைப் பலரும் நெற்றியில் இடும் நாமத்தின் வேறுபாடாகவே அறிவார்கள். அதற்கு அடியில் ஆழமானதொரு கேள்வி இருக்கிறது. உயிர் கடவுளைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, அல்லது கடவுளே உயிரைத் தூக்கிக்கொள்வாரா? குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிடி விட்டால் விழ வேண்டியதுதான். பூனைக்குட்டியோ எதையும் செய்வதில்லை. தாயே பிடரியைக் கவ்விக் கொண்டுபோகிறது. முன்னையது மர்க்கட நியாயம். பின்னையது மார்ச்சால நியாயம். வேதாந்த தேசிகர் வழிவந்தோர்க்கு முன்னையதும், பிள்ளை லோகாசாரியர் வழிவந்தோர்க்குப் பின்னையதும் உவமையாயின. காரணம் எதையும் எதிர்பாராத அருளைத் தென்கலையார் நிர்ஹேதுக கிருபை என்றனர். நிபந்தனையற்ற அன்பு என்று காப்பகத்துச் சுவரில் எழுதியிருந்ததற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்நாட்டுச் சொல் எனக்குத் தெரியவில்லை.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன். இந்த வழக்கில் எனக்குக் கட்சி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த உவமையில் அன்பு செய்வது தாய்; குட்டியன்று. குட்டி வெறுமனே தொங்குகிறது. காப்பகங்களின் விளம்பரங்களோ இதைத் தலைகீழாக்கி, தூக்கப்படும் பூனையே நமக்கு நிபந்தனையற்ற அன்பைத் தரும் என்கின்றன.

காப்பகம் என்ற ஏற்பாட்டின் வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி 1860இல் தொலைந்த நாய்களுக்காக ஓர் இல்லம் தொடங்கியபோது பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. (எங்கள் தொழிலின் பாவக்கணக்கில் இதுவும் ஒன்று.) 1871இல் அது பட்டர்சீ என்ற இடத்துக்கு மாறியது. அங்கே பூனைகளுக்கு இடம் கிடைத்தது 1883இல். நாய்க்குப் பின்னால் இருபத்துமூன்று ஆண்டுகள் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது.

கனடாவில் இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவர் எங்களில் ஒருவர். ஜே. ஜே. கெல்சோ, ரொறன்ரோவில் பொலிஸ் செய்திகளைச் சேகரித்த இளம் நிருபர். இரவுத் தெருக்களில் கண்ட அநாதைச் சிறுவரையும், அடிபட்ட வண்டிக் குதிரைகளையும் பற்றி எழுதி எழுதி அலுத்துப்போய், 1887இல் தமது இருபத்துமூன்றாம் வயதில் ரொறன்ரோ ஹியூமன் சொசைட்டியை உருவாக்கினார். தொடக்கத்தில் குழந்தைகளும் பிராணிகளும் அச்சங்கத்தின் ஒரே கூரையின் கீழ் வந்தனர். 1891இல் குழந்தைகளுக்கெனத் தனிச் சங்கம் பிறந்தது. நியூயோர்க்கிலும் இப்படித்தான்: 1874இல், வளர்ப்புத் தாயால் வதைக்கப்பட்ட மேரி எலன் என்ற சிறுமியைக் காப்பாற்ற முன்வந்தவர், பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பேர்க். பிராணிக்கு இரங்குவோர் மனிதரை மறந்துவிடுகின்றனர் என்று வாதாடுவோருக்கு நான் இவ்விருவரையும் நினைவூட்டுவதுண்டு. நிருபர் ஒருவர் செய்தியை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகாமல் ஒரு சங்கத்தையே அமைத்தார் என்பதில் எனக்கொரு பொறாமையும் உண்டு.

ஆயினும் அக்காலக் காப்பகங்களுக்குள் சென்ற பிராணிகளில் பெரும்பகுதி உயிருடன் வெளியே வரவில்லை. சில நாள் வைத்திருந்து, உரிமையாளர் வராவிட்டால் கொன்றுவிடுவதே வழமை. வலியில்லாமல் கொல்வதுதான் கருணை எனக் கருதப்பட்டது. என் தந்தையாரின் உமலுக்கும் அதற்கும் வேறுபாடு, அங்கே கணக்குப் புத்தகம் இருந்தது என்பது மட்டுமே. மலிவான கருத்தடைச் சிகிச்சை பரவிய பின்னரே நிலைமை மாறியது. 1994இல் சான் பிரான்சிஸ்கோ நகரம், தத்துக் கொடுக்கத்தக்க எந்த நாயையும் பூனையையும் இனிக் கொல்வதில்லை என அங்குள்ள சங்கத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன் பின் வட அமெரிக்காவில் தத்தெடுப்பு என்பது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது.

நம்மவர் பக்கம் பார்ப்போம். சென்னையில் 1959இல் விமானியான கப்டன் சுந்தரம், வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து புளூ கிராஸ் வளர்ந்தது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யவேண்டுமென்று அது 1960களிலேயே வாதாடத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றது 1996இல். இலங்கையில் 1907ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வதைக்கு நூறு ரூபாய் வரை அபராதம் விதித்தது. அன்று அது பெருந்தொகை. ஒரு நூற்றாண்டு கழித்து அதே நூறு ரூபாயில் ஒரு வேளைச் சோற்றுப் பார்சல் வாங்கலாம் என்றானபோதும் சட்டத்தில் எண் மாறவில்லை. விசர்நாய்க்கடியைத் தடுக்கத் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழமை 2006இல் கைவிடப்பட்டது. இவற்றிலெல்லாம் பேசப்பட்டது பெரும்பாலும் நாய். பூனை இங்கேயும் வரிசையில் பின்னால்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தார்கள். அப்போது கொழும்பில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். பின்னர் வந்து சேர்ந்தவர்களிடம் பேசியபோது ஒரு மூதாட்டி வீடு, நகை, காணி உறுதி எதையும் சொல்லாமல், குசினிக் கதவைப் பூட்டினேனா திறந்துவிட்டேனா என்ற ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பூனை இருந்ததாம். அதை நான் செய்தியில் சேர்க்கவில்லை. மனிதரைப் பற்றி எழுதவே இடம் போதாத நாட்கள் அவை. ஆசிரியராக அன்று எடுத்த முடிவைப் பிழையென்றும் சொல்லமாட்டேன். ஆனால் அன்று எழுதிய தலைப்புச் செய்தி எதுவும் இன்று நினைவில் இல்லை. அந்தக் குசினிக் கதவு நினைவில் இருக்கிறது.

2002இல் போர்நிறுத்தம் வந்தபின், அடுத்த ஆண்டு திருகோணமலைக்குச் செல்லும் வழியில் கலேவெலயில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கடைவீதி அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. விசாரித்து விசாரித்து அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். நானா காலமாகிப் பல ஆண்டுகள். மகன் கல்லாவில் இருந்தார். அவருக்கே தலை நரைத்துவிட்டது. வெங்காயச் சாக்குகளின் மேல் இரண்டு பூனைகள் உறங்கின. ஒன்று சாம்பல் நிறம். என் கதையைச் சொன்னேன். பெரிதாகச் சிரித்தார்.

"வாப்பா எந்த நாளும் பூனைக்கு மீன் வச்சிட்டுத்தான் சாப்புடுவார் ஐயா. எலி புடிக்கும் எண்டுதான் கொண்டுவந்தார். அது ஒரு எலியும் புடிக்கல்ல. உம்மா ஏசுவா. ஆனா வாப்பா அதை உடமாட்டார்."

அந்தச் சாம்பல் பூனை அன்றைய குட்டியின் வம்சமாக இருக்குமோ என்று கேட்டேன். "இருக்கலாம், இங்கன எல்லாம் சொந்தக்காரங்கதானே" என்றார். மற்ற இரண்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டாலும் யாருக்குத் தெரிந்திருக்கும்?

எலி பிடிக்காத பூனையை நானா வைத்துக்கொண்டார் என்பது சிறிய விடயமன்று. மனிதனுக்கும் பூனைக்கும் இடையிலான உறவு தொடங்கியதே எலியால். பயிர் செய்யத் தொடங்கிய மனிதன் தானியத்தைச் சேமித்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே, ஏறத்தாழ எட்டு மாத வயதுடைய பூனையொன்று கவனமாக அடக்கம் செய்யப்பட்டிருந்ததாக 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எலிக்காக வந்த ஒன்றை மனிதன் தன் பக்கத்தில் புதைக்கும் அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது. நானாவின் கடையில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

பூனையின் அன்பு நிபந்தனையற்றது என்று நான் நம்பவில்லை. ஓராயிரம் நிபந்தனைகள் அதற்கு உண்டு. உணவு நேரத்துக்கு வரவேண்டும், மணற்பெட்டி சுத்தமாக இருக்கவேண்டும், அதற்கு விருப்பமில்லாதபோது தொடக்கூடாது. அதற்காக அன்பே இல்லை என்பதும் பொய். 2019இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், பூனைக்குட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, தம்மை வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து இயல்பாயின. கைக்குழந்தைகளிடம் காணப்படும் விகிதமும் ஏறத்தாழ அதுவே. வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. அந்த ஒலி பெரும்பாலும் மனிதருக்காகவே வைத்திருப்பது. தாயிடம் பேசிய மொழியை நம்மிடம் தொடர்கிறது.

அப்படியானால், கலேவெல உமலுக்குள் இருந்து கேட்ட ஒலி யாரை நோக்கியது?

படிவத்துக்கு வருகிறேன். மகள் சொன்னபடி 'இல்லை' என்று எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். மனது இடம் தரவில்லை. தரப்பட்ட இரண்டு வரிகள் போதாமல் படிவத்தின் பின்பக்கத்திலும் எழுதினேன். 1961, சந்தை, மூன்று குட்டிகள், ஒன்று கடையொன்றில் வளர்ந்தது, இரண்டை நான் கைவிட்டேன் என்று என் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் நின்றபடியே வாசித்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசித்து முடித்தவள், "அப்போது உங்களுக்கு எத்தனை வயது?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். படிவத்தின் மூலையில் எதையோ எழுதி, கையொப்பமிட்டு, கூடையை எடுத்து வரச் சென்றாள்.

பூனை மூன்று நாட்கள் கட்டிலின் கீழிருந்து வெளியே வரவில்லை. அவசரப்படுத்த வேண்டாம், பக்கத்தில் உணவை வைத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எனவே கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பழைய பத்திரிகை நறுக்குகளைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தேன். காப்பகத்தார் வைத்த ஆங்கிலப் பெயரைச் சொல்லி அழைத்துப் பார்த்தேன், அசைவில்லை. மகள் வைத்த பெயருக்கும் அசைவில்லை. நான்காம் இரவு, யாரும் கேட்கமாட்டார்கள் என்ற துணிவில், "பூஸா" என்று அழைத்தேன்.

வரவில்லை. விடிகாலையில் கண்விழித்தபோது கால்மாட்டில், மனைவி படுக்கும் பக்கத்தில், என்னைப் பாராமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது.